போட்டிக்கு நடுவே கொஞ்சம் படமும் பார்ப்போம்

புகைப்படக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி அட்டவணையின் வரைவை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பி, கருத்து கேட்டிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், தொடரட்டும். பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நான் சொல்ல வருவது, மாதாமாதம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் படம் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

வரைவில் பன்னிரண்டு மாதக் கூட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒன்பது போட்டி. மீதி மூன்றில் ஒன்று பொதுக்குழு, இன்னொன்று பரிசளிப்பு விழா. போட்டியும் இல்லாமல், பரிசும் கொடுக்காமல், படத்தைப் பற்றிப் பேச மிஞ்சுவது ஒரே ஒரு மாலை. அதற்கு வைத்திருக்கும் தலைப்பு ‘போட்டிகளில் வெல்வது எப்படி’. யாரோ கிண்டலுக்கு வைத்த தலைப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். இல்லை போலிருக்கிறது.

போட்டியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதால்தான் நம்மில் பாதிப் பேர் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கிறோம். தோற்கிறபோது வருகிற ரோஷத்தில் சிலர் நன்றாகக் கற்றும் இருக்கிறார்கள். என் கோரிக்கை ஒன்றுதான்: ஒன்பது போட்டியை நான்காகக் குறையுங்கள். மிச்சமாகும் ஐந்து மாலைகளைப் படம் பார்ப்பதற்கும், சேர்ந்து படம் எடுப்பதற்கும் கொடுங்கள். ஏன் என்பதையும், அந்த ஐந்து மாலைகளில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

ஒரு போட்டி மாலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பேர், ஆளுக்கு இரண்டு படம், மொத்தம் அறுபது. கூட்டம் இரண்டு மணி நேரம். அறிவிப்பு, நடுவர் அறிமுகம், இடைவேளை, முடிவு, பரிசு வாங்கியவர்களை நிற்கவைத்து எடுக்கும் குரூப் போட்டோ எல்லாம் போக 75 நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அப்படியானால் ஒரு படத்துக்கு 75 விநாடி. அதற்குள் நடுவர் அதைப் பார்க்க வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும், பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அந்த நேரத்தில் இதற்கு மேல் முடியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த 75 விநாடியில் எந்தப் படம் பிழைக்கும்? முதல் பார்வையிலேயே சத்தம் போடுகிற படம். கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று ஒரு பறவை, ஆரஞ்சு வானத்தில் நிழலுருவம், சுருக்கம் விழுந்த முகம், பனிமூட்டத்தில் ஒற்றை மரம். இவற்றில் நல்ல படங்களே இல்லை என்று யார் சொன்னது? ஆனால் கொஞ்சம் நேரம் கொடுத்தால் மட்டும் திறக்கிற படங்கள் இன்னொரு வகை. ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பது, காலியான ஒரு வகுப்பறை, ஒரே ஆளைப் பல வருடங்களாக எடுத்த வரிசை. இவை நம் கழகத்தில் ஆறுக்கு மேல் மதிப்பெண் வாங்குவதில்லை. இரண்டு முறை ஆறு வாங்கியவர் மூன்றாவது முறை பறவை எடுக்கப் போய்விடுகிறார். நம் கழகத்துப் படங்களெல்லாம் ஒரே ஆள் எடுத்தது மாதிரி ஆகிக்கொண்டிருப்பது இப்படித்தான்.

நடுவர்கள் சொல்லும் குறிப்புகளும் எல்லோருக்கும் மனப்பாடம். அடிவானம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. இடது மூலையில் ஒரு வெளிச்சப் புள்ளி கண்ணை இழுக்கிறது. சப்ஜெக்ட் நடுவில் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கில் வைத்திருக்கலாம். ஒரு மனிதர் அந்தப் பக்கம் நடந்து போயிருந்தால் படம் உயிர் பெற்றிருக்கும். (அந்த மனிதருக்கு நாம் ஒரு கௌரவ உறுப்பினர் பதவியே கொடுத்துவிடலாம், அவ்வளவு தேவைப்படுகிறார்.) இந்த மூன்றில் ஒரு பங்கு விதியைப் பெயர் சொல்லி முதலில் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். எழுதியது 1797-இல், நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி. அப்போது புகைப்படம் என்ற ஒன்றே பிறக்கவில்லை. ஓவியருக்கு அது பயன்படுகிற ஒரு யோசனை. நம்மிடம் வந்து ஒன்றரை மதிப்பெண்ணாகிவிட்டது.

இன்னொன்று, புரொஜெக்டர். இதை யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இப்போது சாதாரணமாகக் கிடைக்கும் கேமரா 24 மெகாபிக்செல், அதாவது 6000-க்கு 4000, மொத்தம் 2.4 கோடி பிக்செல். நம் புரொஜெக்டர் 1920-க்கு 1080. அகலமான ஒரு படம் அதில் 1620-க்கு 1080 ஆகச் சுருங்கித்தான் உட்காரும். 17 லட்சம் பிக்செல் சொச்சம். எடுத்ததில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான் தெரியும். அது போகட்டும், உயரவாக்கில் எடுத்த படத்தின் கதி இன்னும் மோசம். அதற்குக் கிடைப்பது 720-க்கு 1080. அதாவது பக்கத்தில் போட்டியிடும் அகலப் படத்துக்குக் கிடைக்கும் திரையில் பாதிகூட இல்லை. இரண்டும் ஒரே பட்டியலில் மோதுகின்றன. உயரவாக்குப் படங்கள் நம்மிடம் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் சுவரில்தான் இருக்கிறது. இருட்டான பகுதிகளில் உள்ள நுட்பமும் அந்தத் திரையில் கரியாகப் போய்விடுவதால், எல்லோரும் வெளிச்சத்தைக் கூட்டி, நிறத்தைக் கூட்டி அனுப்பப் பழகிவிட்டோம்.

மதிப்பெண்ணும் பதக்கமும் இல்லாமல் ஒரு புகைப்படக் கழகம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1892-இல் லண்டனில் ஹென்றி பீச் ராபின்சன் முதலான சில புகைப்படக்காரர்கள் அன்றைய பிரிட்டன் புகைப்படச் சங்கத்தோடு ஒத்துப்போகாமல் ‘லிங்க்ட் ரிங்’ என்ற தனிக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். சங்கத்தில் அறிவியலுக்கும் கருவிக்கும் இருக்கும் மரியாதை கலைக்கு இல்லை என்பது அவர்களுடைய புகார். அடுத்த ஆண்டே ஒரு கண்காட்சி வைத்தார்கள். நாம் இன்று புகைப்படப் போட்டிக் கண்காட்சியை ‘சலூன்’ என்று சொல்லிக்கொண்டு தங்கம், வெள்ளி, ரிப்பன் என்று அள்ளிக் கொடுக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு மூதாதைகளில் ஒன்று அது. அந்தக் கண்காட்சியில் பதக்கமே கிடையாது. சுவரில் ஏற்றுவதுதான் கௌரவம். அதற்காக அவர்கள் சண்டை போடாமல் வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1908-இல் யாருடைய படங்களைச் சுவரில் ஏற்றுவது என்பதில் பெரிய தகராறு வந்து, 1910-ஐ ஒட்டி அமைப்பே கலைந்தது. புகைப்படக்காரர்கள் கூடினால் தேர்வை வைத்துச் சண்டை வரும், அது நம் பிறவிக் குணம். சண்டை படத்தைப் பற்றி இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். நம்முடைய சண்டை, ஏழரை ஏன் எட்டு ஆகவில்லை என்பதைப் பற்றி.

சர்வதேசப் பட்டங்களுக்காக அக்ஸெப்டன்ஸ் (சலூனில் படம் தேறிய கணக்கு) சேர்க்கும் நண்பர்கள் என்மேல் கோபப்படுவார்கள். கோபப்பட வேண்டாம். புகைப்படக் கலைக்கான உலகக் கூட்டமைப்பு கொடுக்கும் பட்டத்துக்குப் படங்கள் ஒவ்வொன்றாக எத்தனை சலூனில் தேறின என்ற எண்ணிக்கை முக்கியம். அது ஒரு வழி. 1853-இல் தொடங்கிய ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி வேறு வழி வைத்திருக்கிறது. அதன் முதல் நிலைப் பட்டத்துக்குப் பத்துப் படம், அடுத்த நிலைக்குப் பதினைந்து. தனித்தனியாக ஜெயித்த படங்களை அள்ளிக் கொண்டுபோய் வைத்தால் போதாது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கிறதா என்றும் பார்க்கிறார்கள். பத்துப் படத்தைச் சேர்த்து நிற்கவைக்க நம் கழகத்தில் யாருக்குப் பழக்கம் இருக்கிறது? நம்மிடம் இருப்பதெல்லாம் ஒற்றைப் படங்கள்.

வரைவின் கடைசிப் பக்கத்தில் ‘ஏஐ படங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஒரு வரியில் முடிகிற காரியமா இது? 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், அது ஏஐ உருவாக்கிய படம் என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். அடுத்த ஆண்டு நேர்மாறாக நடந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் தான் எடுத்த நிஜமான பூநாரைப் படத்தை இன்னொரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பி, பரிசும் வாங்கி, பிறகு உண்மையைச் சொல்லித் தகுதி இழந்தார். நடுவர் கண்ணால் கண்டுபிடித்துவிடுவார் என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் உடைந்தாயிற்று. ஏஐ வருவதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? 2009-இன் பெரிய காட்டுயிர்ப் படப் பரிசு, வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்க்குக் கிடைத்தது. அது பழக்கப்படுத்திய ஓநாயாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்து, அடுத்த வருடமே பரிசைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே நான்கு போட்டிதான் என்றாலும் விதியைச் சரியாக எழுதுங்கள். சென்சார் தூசியை நீக்குவது, இரைச்சலை (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை) குறைப்பது, வெட்டுவது, வெளிச்சமும் நிறமும் திருத்துவது சரி. ஃப்ரேமில் இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை அழிப்பதும் இயற்கை, ஆவணப் பிரிவுகளில் கூடாது. வானத்தை மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு படைப்பாக்கப் பிரிவு வைத்து, என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று இடம் வந்தவர்களிடம் ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்பு) கேளுங்கள். கேட்பது அவமானம் இல்லை என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் இல்லாத மாலைகளுக்கு இந்தப் போலீஸ் வேலையே தேவைப்படாது. ஜெயிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் யார் ஏமாற்றப் போகிறார்கள்?

சரி, அந்த ஐந்து மாலைகளுக்கு வருவோம்.

இரண்டை பிரிண்ட் மாலைகளாக வையுங்கள். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, நீளமான மேசை, மேலே நல்ல வெள்ளை வெளிச்சம். ஒரு மாலைக்கு நான்கு பேர் மட்டும். ஒவ்வொருவரும் பத்து பிரிண்ட் கொண்டுவருவார்கள், ஏ4 அளவு போதும், மவுண்ட் தேவையில்லை. ஒருவருக்கு அரை மணி. முதல் பத்து நிமிடம் படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். நல்லதா கெட்டதா என்பது பிறகு. ‘இந்தப் பெண் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்’, ‘எனக்கு அவள் கோபமாக இருப்பதுபோல் படுகிறது’, இப்படி. தான் நினைத்தது ஒன்று, படம் சொல்வது இன்னொன்று என்பது எடுத்தவருக்கு அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்த நடுவரும் அதைச் சொல்லித்தர முடியாது. ‘அருமை’, ‘சூப்பர்’, ‘கலக்கிட்டீங்க’ மூன்றையும் அன்றைக்கு மட்டும் தடை செய்யலாம். அரங்கில் கொஞ்ச நேரம் அமைதி நிலவும், பயப்பட வேண்டாம், பழகிவிடும்.

பிறகு அந்தப் பத்தையும் மற்றவர்கள் கையில் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். எது முதலில், எது கடைசியில், எதை எடுத்துவிட்டால் மற்றவை நன்றாக நிற்கும்? பெரும்பாலும் எடுத்தவருக்கு மிகவும் பிடித்த படம்தான் முதலில் வெளியே போகும். அங்கே விவாதம் சூடு பிடிக்கும், நேரம் போவதே தெரியாது. படம் தேர்ந்தெடுப்பதை இப்படித்தான் கற்க முடியும். இப்போது நம்மில் பலர் ஒரு காலையில் நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டு, அவற்றில் எது நல்ல படம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம்.

பிரிண்ட் போடுவதில் எல்லோருக்கும் வரும் முதல் ஏமாற்றம், திரையில் சரியாக இருந்த படம் தாளில் இருண்டு வருவது. மானிட்டரின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு எடிட் செய்தால் அப்படித்தான் வரும். திரைக்கு ஒளி பின்னாலிருந்து வருகிறது, தாள் மேலே விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். இதைச் சொல்லிக்கொடுக்க நம் கழகத்திலேயே ஆள் இருக்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் டார்க்ரூமில் நின்று, ஒரு நெகடிவ்விலிருந்து நல்ல பிரிண்ட் கிடைக்கும்வரை தாள் தாளாகப் போட்டுப் பார்த்தவர்கள். அவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொரு இரண்டு மாலைகள் கூட்டுத் திட்டத்துக்கு. இந்த மடலில் எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். 1890-ஐ ஒட்டி பர்மிங்ஹாம் புகைப்படச் சங்கம் ஒரு காரியம் செய்தது. ஜெரோம் ஹாரிசன் என்ற உறுப்பினர் கொடுத்த யோசனை. உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தங்கள் வார்விக்‌ஷயர் வட்டாரத்தின் கட்டிடங்கள், தெருக்கள், மக்கள், வழக்கங்கள் எல்லாவற்றையும் முறையாகப் படமெடுத்துப் பதிவு செய்வது என்று கிளம்பினார்கள். எல்லோரும் நம்மைப் போல அமெச்சூர்கள்தான். அந்தப் படங்கள் இன்றும் பர்மிங்ஹாம் நூலகத்தில் இருக்கின்றன, ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதே காலத்தில் அந்தச் சங்கம் யாருக்குப் பதக்கம் கொடுத்தது என்று இன்று யார் தேடுகிறார்கள்?

பெரிய அளவில் செய்ததற்கு உதாரணம் வேண்டுமானால், அமெரிக்காவில் மக்கள் வாழ்க்கையைப் படமெடுக்க 1935-இல் ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில் தொடங்கிய அரசுத் திட்டம். டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ் போன்ற பெரிய புகைப்படக்காரர்கள் எல்லாம் வேலை செய்தது அதில்தான். சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் இன்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. ஸ்ட்ரைக்கர் தன் புகைப்படக்காரர்களுக்கு எழுத்தில் பட்டியல் அனுப்புவார்: மாலையில் மக்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள், வேலைக்கு என்ன உடுத்துகிறார்கள், எங்கே கூடிப் பேசுகிறார்கள், இதையெல்லாம் பாருங்கள் என்று. நமக்கும் அப்படி ஒரு பட்டியல் போதும். ஆளுக்கு ஒரு தெரு, அல்லது ஒரு தொழில், அல்லது ஒரு கட்டிடம். ஒரு வருடம் அதை விட்டு நகரக் கூடாது. முதல் மாலையில் பட்டியல் போட்டுப் பிரித்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து இரண்டாவது மாலையில் கொண்டுவந்து பரப்பி, எது விட்டுப்போயிற்று என்று பார்ப்போம்.

ஒரு நிபந்தனை. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், படத்தில் இருப்பவர் சம்மதித்தால் பெயர், இரண்டு வரிக் குறிப்பு. இவற்றைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க இடம் இருக்கிறது, பல எடிட்டிங் மென்பொருள்களில் செய்யலாம். முகமும் இடமும் தெரியாத படம் நாற்பது வருடம் கழித்து அழகாக இருக்கும், ஆனால் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. மூன்று பிரதிகள், இரண்டு வேறுவகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டிடத்தில். முடிந்ததும் ஒரு தொகுப்பைப் பொது நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

இதையொட்டி ஓர் அவசர வேலை. மூத்த உறுப்பினர்கள் பலர் வீட்டில் நெகடிவ் பெட்டிகள் அலமாரிக்கு மேலே கிடக்கின்றன. பழைய அசிடேட் ஃபிலிமில் வினிகர் வாசனை வர ஆரம்பித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும், சிதையும் ஃபிலிம் பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். பெட்டியைத் திறந்து மோந்து பார்க்க நாள் குறிக்கத் தேவையில்லை, இந்த வாரமே செய்யலாம். கழகத்தில் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் அரை டஜன் பேர் இருக்கிறார்கள். ஒரு விளக்குப் பலகையும் ஸ்டாண்டும் இருந்தால் கேமராவாலேயே நெகடிவ்வைப் பிரதி எடுக்கலாம். பூச்சியின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தது போதும், கொஞ்ச நாள் இதற்கும் அந்த லென்ஸ் உதவட்டும்.

ஐந்தாவது மாலையை விளையாட்டுக்கு விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாளுக்கு வரைவில் ‘சிறப்புப் போட்டி’ போட்டிருக்கிறீர்கள். 1839-இல் அந்த நாளில்தான் உலோகத் தகட்டில் படம் பதிக்கும் டாகேரின் செய்முறையைப் பாரிஸில் அராகோ என்ற விஞ்ஞானி பகிரங்கமாக அறிவித்தார். பிரெஞ்சு அரசு டாகேருக்கும், அவருடைய கூட்டாளியாக இருந்த நியெப்ஸின் மகனுக்கும் ஓய்வூதியம் கொடுத்து, கண்டுபிடிப்பை உலகத்துக்கே இலவசமாக விட்டுவிட்டது. (இங்கிலாந்தில் மட்டும் டாகேர் சார்பில் ஐந்து நாள் முன்னால் சத்தமில்லாமல் காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை.) இப்படிப்பட்ட நாளில் யார் முதல், யார் இரண்டாவது என்று பார்ப்பதைவிட, சயனோடைப் போடலாம். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, நிழலில் உலரவைத்து, மேலே ஒரு இலையையோ பெரிய நெகடிவ்வையோ வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீல நிறப் படம். டார்க்ரூம் வேண்டாம், கேமராகூட வேண்டாம். போட்டோ எடுக்க வராத குடும்பத்தினரையும் அழைத்து வரலாம். அதுபோல ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாள், 2001 முதல் நடக்கிறது. அட்டைப்பெட்டியில் ஊசியால் துளை போட்டுப் படம் எடுப்பதற்கு நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால் குறைந்துபோக மாட்டோம்.

வெளிநிகழ்ச்சிகள் பற்றிக் கொஞ்சம். டிசம்பர் இரவுப் படப்பிடிப்பை மாதக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சம். அந்த வருட நிலவைப் பார்த்துவிட்டு, முடிந்தால் அதற்கு மாற்றுங்கள். 24 எம்எம் லென்ஸ், 20 விநாடிக்குள் எக்ஸ்போஷர், டிரைபாட், சிவப்புக் கண்ணாடி போட்ட டார்ச். புதியவர்களுக்கு இதற்குமேல் சொல்லித்தர ஒன்றும் இல்லை, பொறுமையைத் தவிர.

சேர்ந்து நடந்துபோய்ப் படம் எடுக்கும் ‘போட்டோ வாக்’ மாதம் ஒன்று இருப்பது நல்லது. ஆனால் இருபது பேர் கழுத்தில் கேமராவோடு ஒரே தெருவில் நுழைந்தால் அந்தத் தெருவில் எதுவும் இயல்பாக நடக்காது. ஒரு கிழவரைச் சுற்றி பத்து லென்ஸ் நிற்கும் காட்சியைப் பார்த்திருக்கிறேன். அவர் சிரித்தார், வேறு என்ன செய்வார்? மூன்று மூன்று பேராகப் பிரியலாம். ஆளுக்கு ஒரே ஒரு குவிய தூரம், அதாவது ஜூம் செய்யக் கூடாது. முடிவில் காட்ட ஐந்து படத்துக்கு மேல் கூடாது. நடைபாதையில் தூங்குகிறவர்களையும், தன்னிலை மறந்து கிடக்கிறவர்களையும் எடுப்பதில்லை என்று கழகமே ஒரு முடிவு எடுக்கலாம். அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, காரணம் அவ்வளவுதான்.

பறவைக் குழுவுக்கும் இதே. கூடு கட்டும் பருவத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் போவது, மறைக்கும் கிளையை ஒடிப்பது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது ஆகியவை வேண்டாம். தாய்ப்பறவை விலகிப் போனால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் பிற உயிர்களுக்கும் இரையாகும். கூட்டுப் படங்களை நம் போட்டிகளில் ஏற்கமாட்டோம் என்று ஒரே ஒரு விதி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மாடல் ஷூட் வைக்கும்போது மாடலோடு முன்கூட்டியே எழுத்தில் பேசி முடியுங்கள். எந்த மாதிரிப் படம், எங்கே பயன்படும், கூட யாரை அழைத்து வருவார் என்று. தொட்டு நிற்கவைப்பது யாராக இருந்தாலும் கூடாது. இந்தக் காரணங்களுக்காகவே வராமல் நின்றுபோன பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

போனில் படம் எடுப்பவர்களைச் சேர்க்கலாமா என்று வரைவில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. சேர்க்கலாம். அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஆண்டுக் கண்காட்சியில் இதுவரை பரிசு பெற்ற படங்களை மட்டும் மாட்டிவந்தோம். பார்க்க வருகிறவர்கள் வாசலில் தொடங்கி வெளியே போகும்வரை நிற்காமல் நடந்துகொண்டே பார்க்கிறார்கள், கவனித்தீர்களா? அடுத்த முறை ஒரு சுவரையாவது கூட்டுத் திட்டத்துக்குக் கொடுங்கள். தங்கள் தெரு, தங்களுக்குத் தெரிந்த முகம் என்றால் நிற்பார்கள். படத்தில் உள்ளவர்களையும் அழைப்போம். திறந்துவைக்கப் பிரமுகர் தேடும் வேலையும் மிச்சம்.

போட்டியைக் குறைத்தால் உறுப்பினர் எண்ணிக்கை குறையும், சந்தா குறையும் என்று பொருளாளர் கவலைப்படுவார். நியாயம்தான். ஆனால் சேர்ந்து ஒரே வருடத்தில் விலகுகிறவர்கள் யார் என்று பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் பலர் மூன்று நான்கு போட்டிகளில் ஐந்தும் ஆறும் வாங்கி, ஏன் என்று யாரும் சொல்லாமல், அப்புறம் வராமல் போனவர்களாக இருக்கலாம். ஒரு வருடம் மாற்றிப் பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஒன்பதுக்கே திரும்பிவிடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முன்மொழிகிறேன். வழிமொழிய இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். முதல் பிரிண்ட் மாலைக்கான மேசை, விளக்கு, நான்கு பேரின் பெயர்ப்பட்டியல் மூன்றும் என் பொறுப்பு. மூத்தவர்களின் நெகடிவ் பெட்டிகளைத் தூக்கிவர வண்டியும் ஆளும் மட்டும் செயற்குழு ஏற்பாடு செய்தால் போதும்.

அன்புடன்,
பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர்